விண்டோஸை மறுபடி நிறுவியதும் லினக்ஸ் காணாமல் போனால்: பூட்லோடரை மீட்க ஒரு வழிகாட்டி

விண்டோஸ் இழுக்கிறது என்று அதை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுகிறீர்கள். வேலை முடிந்து கணினி எழுகிறது. உபுண்டுவா விண்டோஸா என்று வழக்கமாகக் கேட்கும் அந்தப் பட்டியலைக் காணோம். நேராக விண்டோஸ் வந்து நிற்கிறது.

லினக்ஸ் எங்கும் போகவில்லை. நிறுவும்போது அதன் பார்ட்டிஷனை, அதாவது வட்டில் அதற்கென ஒதுக்கிய பகுதியை, நீங்களே அழித்திருந்தால் ஒழிய, கோப்புகள் எல்லாம் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. உள்ளே போகும் வாசல், அதாவது இயங்குதளத்தை எழுப்பிவிடும் பூட்லோடர் மட்டும் மாறியிருக்கிறது. இந்த நேரத்தில் லினக்ஸையும் புதிதாகப் போட்டுவிடலாமே என்று கை பரபரக்கும். முதல் தடவை நானும் அதைத்தான் செய்தேன். பத்து நிமிட வேலைக்கு ஒரு ஞாயிறு முழுக்கப் போனது. பேக்கப் எடுக்காத கோப்புகளும் சேர்ந்து போயின. அதனால் முதலில் என்ன நடந்தது என்று பார்ப்போம், அப்புறம் கையை வைப்போம்.

வாசல் எங்கே இருக்கிறது?

கணினியின் மின்விசையை அழுத்தியதும் முதலில் விழிப்பது மதர்போர்டில் இருக்கும் ஒரு சிறிய மென்பொருள். புதிய கணினிகளில் அதன் பெயர் யுஇஎஃப்ஐ, பழையவற்றில் பயாஸ். பேச்சுவழக்கில் இரண்டையுமே பயாஸ் என்றுதான் சொல்கிறோம், இங்கேயும் அமைப்புத் திரையைப் பயாஸ் என்றே சொல்கிறேன். ஆனால் பூட் ஆகும் முறை இரண்டில் எது என்பது முக்கியம், ஏனென்றால் பழுது பார்க்கும் வழியே அதைப் பொறுத்துத்தான் மாறும்.

யுஇஎஃப்ஐ முறையில், வட்டில் இஎஸ்பி என்று ஒரு சிறிய பார்ட்டிஷன் இருக்கும். எஃப்ஏடி32 வடிவம், பெரும்பாலும் 100 எம்பியிலிருந்து சில நூறு எம்பி வரை. அதற்குள் ஒவ்வொரு இயங்குதளமும் தனக்கென ஒரு ஃபோல்டர் வைத்துக்கொள்ளும். மைக்ரோசாஃப்ட் என்று ஒன்று, உபுண்டு என்று ஒன்று. இவற்றில் எதை முதலில் எழுப்புவது என்ற வரிசை வட்டில் இல்லை. மதர்போர்டின் நினைவகத்தில் இருக்கிறது. விண்டோஸ் நிறுவும்போது தன் பெயரை அந்த வரிசையின் தலையில் எழுதிக்கொள்கிறது. உபுண்டு ஃபோல்டரை அது பெரும்பாலும் தொடுவதே இல்லை.

பழைய முறையில் கதை வேறு. வட்டின் முதல் 512 பைட்டில் 446 பைட் பூட் நிரலுக்கு, 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணைக்கு, கடைசி 2 பைட் அடையாளத்துக்கு. 446 பைட்டில் இரண்டு பேர் உட்கார முடியாது. கடைசியாக வந்தவர் முன்னால் இருந்தவரை அழித்துவிட்டுத்தான் உட்காருவார்.

உங்களுடையது எந்த முறை? விண்டோஸில் விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, எம்எஸ்இன்ஃபோ32 என்று தட்டுங்கள். வரும் பட்டியலில் பயாஸ் மோட் என்ற வரியில் யுஇஎஃப்ஐ அல்லது லெகசி என்று இருக்கும். விண்டோஸ் 11 ஓடுகிறது என்றால் அநேகமாக யுஇஎஃப்ஐதான். அதன் அதிகாரபூர்வத் தேவைகளில் அதுவும் ஒன்று.

ஒரு குறிப்பு. இந்தக் கட்டுரையில் கட்டளைகளைத் தமிழ் ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். நீங்கள் தட்டும்போது அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும்.

தொடங்கும் முன்

விண்டோஸ் வட்டு, அதன் சொந்தப் பூட்டான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பூட்டியிருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதியோ வேறு கருவியில் சேமித்தோ வையுங்கள். பயாஸில் எதையாவது மாற்றியதும் விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்கலாம். இல்லை என்றால் அத்தோடு கதை முடிந்தது. மற்ற பெரும்பாலான தவறுகளைத் திருத்திக்கொள்ளலாம், இதை முடியாது.

அடுத்து, விண்டோஸின் பவர் அமைப்புகளில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்பதை நிறுத்துங்கள். அது இயக்கத்தில் இருந்தால் கணினியை அணைத்தாலும் விண்டோஸ் முழுதாகத் தூங்குவதில்லை. பாதி நிலையை வட்டில் எழுதிவைத்துவிட்டுப் போகிறது. அந்த நிலையில் விண்டோஸ் பார்ட்டிஷனை லினக்ஸிலிருந்து எழுதத் திறக்க முடியாது.

விண்டோஸில் இருக்கும்போது ஏதாவதொரு டிரைவைக் காட்டி, இதை ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும் என்று பெட்டி வந்தால் வேண்டாம் என்று மூடிவிடுங்கள். அது உங்கள் லினக்ஸ் பார்ட்டிஷனாக இருக்கலாம். விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

முதல் முயற்சி: பயாஸில் வரிசையை மாற்றுவது

யுஇஎஃப்ஐ கணினியில் நேராக விண்டோஸ் வருகிறது என்றால் பத்தில் பாதிக்கு மேல் இந்த இடத்திலேயே முடிந்துவிடும் என்பது என் அனுபவம். ஆனால் இதைத்தான் பலரும் தாண்டிப் போய்விட்டு நேராக டெர்மினலை, அதாவது லினக்ஸில் கட்டளை தட்டும் திரையை, திறக்கிறார்கள்.

கணினி எழும்போது எஃப்2, எஃப்10, எஃப்12, டிலீட், எஸ்கேப் இவற்றில் ஏதோ ஒன்று பயாஸுக்குள் கொண்டுபோகும்; மாடலுக்கு மாடல் மாறும். சரியான விசை பிடிபடவில்லை என்றால் விண்டோஸுக்குள் போய், ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுங்கள். வரும் நீலத் திரையில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ் என்று உள்ளே போகலாம்.

பூட் என்ற பக்கத்தில் விண்டோஸ் பூட் மேனேஜர் முதலில் இருக்கும். அதற்குக் கீழே உபுண்டு, ஃபெடோரா என்று உங்கள் லினக்ஸின் பெயர் இருந்தால் அதை மேலே ஏற்றிச் சேமித்து வெளியே வாருங்கள். லினக்ஸின் பூட்லோடரான கிரப்பின் பட்டியல் வந்துவிடும்.

சில மடிக்கணினிகள் இதில் பிடிவாதம் பிடிக்கும். நீங்கள் மாற்றிச் சேமித்தாலும் அடுத்த முறை விண்டோஸ் தலைக்கு ஏறி உட்கார்ந்திருக்கும். அல்லது பெயரே பட்டியலில் இருக்காது. அப்போது அடுத்த படிக்குப் போக வேண்டியதுதான்.

லைவ் யுஎஸ்பி: எந்த முறையில் எழுந்தது என்று பார்க்க மறக்காதீர்கள்

உங்கள் கணினியில் இருக்கும் அதே லினக்ஸை, முடிந்தால் அதே பதிப்பை, ஒரு பென்டிரைவில் எழுதி அதிலிருந்து பூட் செய்யுங்கள். நிறுவ வேண்டாம், முயன்று பார் என்ற தேர்வு போதும்.

பூட் மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு தடவை தெரியலாம்: ஒன்றின் பெயருக்கு முன்னால் யுஇஎஃப்ஐ என்று இருக்கும், மற்றதில் இருக்காது. விண்டோஸ் எந்த முறையில் இருக்கிறதோ அதே முறையில் பென்டிரைவும் எழ வேண்டும். நான் ஒருமுறை இதைக் கவனிக்காமல் பழைய முறையில் எழுப்பிவிட்டு, கிரப்பை மூன்று தடவை நிறுவினேன். மூன்று தடவையும் வெற்றி என்றுதான் சொன்னது. மூன்று தடவையும் விண்டோஸ்தான் வந்தது. கணினி எட்டிக்கூடப் பார்க்காத இடத்தில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சோதிப்பது எளிது. டெர்மினலைத் திறந்து எல்எஸ் என்று தட்டி, இடம் விட்டு, /சிஸ்/ஃபர்ம்வேர்/இஎஃப்ஐ என்ற பாதையைக் கொடுங்கள். ஆங்கிலத்தில் சிஸ் என்பது எஸ், ஒய், எஸ் என்ற மூன்று எழுத்து. கோப்புகள் பட்டியலிடப்பட்டால் யுஇஎஃப்ஐ முறை. யுஇஎஃப்ஐ கணினியில் அப்படியொன்று இல்லை என்று பதில் வந்தால் அணைத்துவிட்டு சரியான வரியைத் தேர்ந்தெடுத்து மறுபடி எழுப்புங்கள்.

முறை சரி என்றால், சுடோ இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் என்று ஒரு கட்டளை. மதர்போர்டில் எழுதப்பட்டிருக்கும் வரிசையை அப்படியே காட்டும். பூட்ஆர்டர் என்ற வரியில் 0000,0003 மாதிரி எண்கள். கீழே ஒவ்வோர் எண்ணுக்கும் பெயர். உபுண்டு 0003 என்று இருந்தால், அதே கட்டளையோடு -ஓ 0003,0000 என்று சேர்த்தால் உபுண்டு முன்னால் வந்துவிடும். பயாஸ் திரையில் அடம் பிடித்த கணினிகள் சில இதற்கு இணங்கிவிடும்.

கிரப்பை மறுபடி நிறுவுதல்

உபுண்டு என்ற பெயரே இல்லையா? ஒருவேளை விண்டோஸை நிறுவும்போது எல்லாச் சிறிய பார்ட்டிஷன்களையும் அழித்து, புது இஎஸ்பி உருவாகியிருக்கலாம். அப்போது கிரப்பைத் திரும்ப எழுத வேண்டும். உபுண்டு, மின்ட், டெபியன் குடும்பத்துக்கு இதைச் சொல்கிறேன்.

முதலில் எது எங்கே என்று தெரிய வேண்டும். எல்எஸ்பிஎல்கே -எஃப் என்று தட்டினால் பார்ட்டிஷன்களும் அவற்றின் வடிவமும் தெரியும். விஎஃப்ஏடி என்று சிறியதாக இருப்பது இஎஸ்பி. இஎக்ஸ்டி4 என்று பெரியதாக இருப்பது உங்கள் லினக்ஸ். என்டிஎஃப்எஸ் என்றால் விண்டோஸ், அந்தப் பக்கம் போக வேண்டாம். எடுத்துக்காட்டாக இஎஸ்பி என்விஎம்இ0என்1பி1 என்றும், லினக்ஸ் என்விஎம்இ0என்1பி5 என்றும் வைத்துக்கொள்வோம். உங்களுக்கு எண் வேறாக இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு இதையே தட்டாதீர்கள்.

1. லினக்ஸ் பார்ட்டிஷனை ஏற்றுங்கள்: சுடோ மவுண்ட் /டெவ்/என்விஎம்இ0என்1பி5 /எம்என்டி. பூட் என்று தனிப் பார்ட்டிஷன் வைத்திருந்தால் அதையும் /எம்என்டி/பூட் என்ற இடத்தில் ஏற்றுங்கள்.

2. இஎஸ்பியை ஏற்றுங்கள்: சுடோ மவுண்ட் /டெவ்/என்விஎம்இ0என்1பி1 /எம்என்டி/பூட்/இஎஃப்ஐ.

3. லைவ் கணினியின் டெவ், ப்ரோக், சிஸ், ரன் ஆகிய நான்கையும் உள்ளே இணைக்க வேண்டும். முதலாவது இப்படி: சுடோ மவுண்ட் --ஆர்பைண்ட் /டெவ் /எம்என்டி/டெவ். மற்ற மூன்றும் இதே அச்சு. பல வழிகாட்டிகளில் வெறும் --பைண்ட் என்று இருக்கும். அதில் சிஸ் ஃபோல்டருக்குள் தனியாக ஏற்றப்பட்டிருக்கும் இஎஃப்ஐவார்ஸ் கூட வராது. அது வராவிட்டால் கிரப்பால் மதர்போர்டில் தன் பெயரை எழுத முடியாது. முன்னால் இருக்கும் ஆர் என்ற ஓரெழுத்து அதைக் கவனித்துக்கொள்ளும்.

4. சுடோ சிஹெச்ரூட் /எம்என்டி. இனி நீங்கள் தட்டுவதெல்லாம் பென்டிரைவில் இல்லை, உங்கள் சொந்த லினக்ஸுக்குள் நடக்கும்.

5. கிரப்-இன்ஸ்டால். பிறகு அப்டேட்-கிரப்.

கிரப்-இன்ஸ்டால் சொல்லும் முதல் வரியைப் படியுங்கள். எக்ஸ்86_64-இஎஃப்ஐ தளத்துக்கு நிறுவுகிறேன் என்றால் சரி. ஐ386-பிசி என்று வந்தால் பழைய முறைக்கு எழுதுகிறது என்று அர்த்தம். நிறுத்திவிட்டு, லைவ் யுஎஸ்பி எந்த முறையில் எழுந்தது என்று மறுபடி பாருங்கள். கடைசியில் பிழை ஏதும் இல்லை என்று ஒரு வரி வரும்.

ரீபூட் செய்ய அவசரப்படாதீர்கள். இஎஸ்பி புதிதாக உருவாகியிருந்தால் இன்னும் ஒரு வேலை பாக்கி. லினக்ஸ் எழும்போது எந்தெந்தப் பார்ட்டிஷனை ஏற்ற வேண்டும் என்று /இடிசி/எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதிவைத்திருக்கிறது, அதுவும் யுயுஐடி என்ற அடையாள எண்ணைக் கொண்டு. புது இஎஸ்பிக்குப் புது எண். பழைய எண்ணைத் தேடித்தேடிக் கிடைக்காமல், லினக்ஸ் ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும். கிரப் சரியாக வந்தும் லினக்ஸ் எழவில்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்வது இங்கேதான். பிஎல்கேஐடி கட்டளை தரும் புதிய எண்ணை, நானோ எடிட்டரில் அந்தக் கோப்பைத் திறந்து /பூட்/இஎஃப்ஐ என்ற வரியில் மாற்றிவிடுங்கள். ஸ்வாப் பார்ட்டிஷனை ஃபார்மட் செய்திருந்தால் அதற்கும் இதே கதைதான்.

இப்போது எக்ஸிட், பிறகு ரீபூட்.

லினக்ஸ் வட்டு கடவுச்சொல்லால் பூட்டப்பட்டிருந்தால், முதலில் லைவ் யுஎஸ்பியின் கோப்பு மேலாளரில் அதைச் சொடுக்கித் திறந்துகொள்ளுங்கள். ஃபெடோரா வைத்திருப்பவர்கள் யுஇஎஃப்ஐ முறையில் கிரப்-இன்ஸ்டால் பக்கமே போகாதீர்கள். அது உருவாக்கும் கோப்பில் கையொப்பம் இருக்காது, கையொப்பத்தைச் சரிபார்க்கும் யுஇஎஃப்ஐயின் செக்யூர் பூட் அதை உள்ளே விடாது. அங்கே சிஹெச்ரூட் வரை வந்தபின், ஷிம், கிரப்2-இஎஃப்ஐ தொகுப்புகளை டிஎன்எஃப் ரீஇன்ஸ்டால் செய்வதுதான் முறை.

இவ்வளவு தட்டத் தயக்கமாக இருந்தால் பூட் ரிப்பேர் என்ற கருவி இருக்கிறது. லினக்ஸ் மின்ட்டின் லைவ் யுஎஸ்பியிலேயே அது உண்டு. பரிந்துரைக்கும் பழுதுபார்ப்பு என்ற பொத்தானை அழுத்தினால் தானே எல்லாம் செய்யும். வேலை செய்யும்போது அருமை. செய்யாதபோது, அது எதையெல்லாம் மாற்றியது என்று தேடுவதே தனி வேலை. அதனால் நான் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன்.

கறுப்புத் திரையில் கிரப் என்று மட்டும் வந்து நின்றால்

இது பெரும்பாலும் பார்ட்டிஷன்களை அழித்து, நகர்த்தி, எண்கள் மாறியபின் வருவது. கிரப் எழுந்துவிட்டது, ஆனால் தன் கோப்புகளைக் காணாமல் முழிக்கிறது. எல்எஸ் என்று தட்டினால் (எச்டி0,ஜிபிடி5) மாதிரி பெயர்கள் வரும். ஒவ்வொன்றையும் எல்எஸ் (எச்டி0,ஜிபிடி5)/ என்று திறந்து பாருங்கள். பூட், இடிசி, ஹோம் எல்லாம் தெரிவது உங்கள் லினக்ஸ்.

கிரப் ரெஸ்க்யூ என்று இருந்தால் நான்கு வரி:

செட் ரூட்=(எச்டி0,ஜிபிடி5)
செட் ப்ரிஃபிக்ஸ்=(எச்டி0,ஜிபிடி5)/பூட்/கிரப்
இன்ஸ்மோட் நார்மல்
நார்மல்

ரெஸ்க்யூ என்ற சொல் இல்லாமல் கிரப் என்று மட்டும் இருந்தால் இன்னும் சுலபம்: கான்ஃபிக்ஃபைல் (எச்டி0,ஜிபிடி5)/பூட்/கிரப்/கிரப்.சிஎஃப்ஜி. பட்டியல் வந்துவிடும். இது அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான்; லினக்ஸுக்குள் போனதும் சுடோவோடு கிரப்-இன்ஸ்டாலும் அப்டேட்-கிரப்பும் ஓட்டினால் நிலைக்கும். பழைய முறைக் கணினியில் கிரப்-இன்ஸ்டாலுக்குப் பிறகு வட்டின் பெயரையும் சொல்ல வேண்டும்: /டெவ்/எஸ்டிஏ. பின்னால் எண் வேண்டாம். எண் போட்டால் பார்ட்டிஷனுக்குள் எழுதப் பார்க்கும்.

லினக்ஸையே வேண்டாம் என்று அழித்தபின் யுஇஎஃப்ஐ கணினியில் இந்தத் திரை வந்திருந்தால் இவை எதுவும் தேவையில்லை. பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே ஏற்றுங்கள், போதும்.

தலைகீழ் நிலை: லினக்ஸ் வருகிறது, விண்டோஸைக் காணோம்

லினக்ஸை மறுபடி நிறுவியவர்களுக்கு வருவது இது. மற்ற இயங்குதளங்களைத் தேடிப் பட்டியலில் சேர்க்கும் வேலை ஓஎஸ்-ப்ரோபர் என்ற நிரலுடையது. 2021-இல் வந்த கிரப் 2.06 முதல் அது இயல்பிலேயே அணைத்துவைக்கப்பட்டிருக்கிறது. /இடிசி/டிஃபால்ட்/கிரப் என்ற கோப்பைத் திறந்து, கிரப்_டிசேபிள்_ஓஎஸ்_ப்ரோபர்=ஃபால்ஸ் என்று ஒரு வரி சேருங்கள். சமக்குறிக்கு இடப்பக்கம் இருப்பது முழுக்கப் பெரிய எழுத்தில், வலப்பக்கம் சிறிய எழுத்தில். பிறகு அப்டேட்-கிரப். ஓடும்போதே விண்டோஸ் பூட் மேனேஜர் கிடைத்தது என்று சொல்லும்.

அப்போதும் வரவில்லை என்றால் ஒன்று யுஇஎஃப்ஐ முறையிலும் மற்றது பழைய முறையிலும் நிறுவப்பட்டிருக்கலாம். பழைய முறைக் கிரப்பால் யுஇஎஃப்ஐ விண்டோஸை எழுப்ப முடியாது.

விண்டோஸின் பூட் கோப்புகளே போய்விட்டன என்றால் விண்டோஸ் நிறுவும் பென்டிரைவில் பூட் செய்து, முதல் திரையில் ஷிஃப்டும் எஃப்10-உம் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புப் பெட்டி திறக்கும். டிஸ்க்பார்ட் என்று தட்டி, லிஸ்ட் வால்யூம் கொடுத்து, எஃப்ஏடி32 ஆக இருக்கும் சிறிய வால்யூமின் எண்ணைப் பாருங்கள். செலக்ட் வால்யூம் அந்த எண், பிறகு அசைன் லெட்டர்=எஸ், எக்ஸிட். கடைசியாக: பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் எஸ்: /எஃப் யுஇஎஃப்ஐ. இந்தச் சூழலில் விண்டோஸ் இருக்கும் டிரைவ் சி என்று இல்லாமல் டி என்றும் இருக்கலாம். லிஸ்ட் வால்யூமிலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள். இது விண்டோஸை மறுபடி வரிசையின் தலைக்கு ஏற்றிவிடும், ஆகவே பயாஸுக்கு இன்னொரு தடவை போக வேண்டியிருக்கும்.

எதையும் நிறுவாமலே நின்றுபோனால்

ஆகஸ்ட் 2024-இல் வந்த ஒரு விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு, ஒரே கணினியில் இரண்டையும் வைத்திருந்த பலருக்கு லினக்ஸ் எழவில்லை. ஷிம் எஸ்பாட் சரிபார்ப்பு தோல்வி, பாதுகாப்புக் கொள்கை மீறல் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்துவிட்டுக் கணினி அணைந்துவிடும். பழைய, ஓட்டையுள்ள பூட்லோடர்களைத் தடுக்க வந்த பட்டியல்தான் எஸ்பாட்; ஷிம் என்பது செக்யூர் பூட்டில் கிரப்புக்கு முன்னால் எழும் சிறு நிரல். பழைய லைவ் யுஎஸ்பியை இன்று எழுப்பினாலும் இதே வரி வரலாம். அப்படி வந்தால் புதிய பதிப்பை இறக்கி எழுதிக்கொள்ளுங்கள். நிறுவப்பட்ட லினக்ஸிலேயே வந்தால், பயாஸில் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து உள்ளே போங்கள். சுடோ மோக்யுட்டில் --செட்-எஸ்பாட்-பாலிசி டிலீட் என்று தட்டி, ஒருமுறை ரீபூட் செய்து லினக்ஸுக்கே வாருங்கள். லினக்ஸை முழுதாக அப்டேட் செய்தபின் செக்யூர் பூட்டைத் திரும்ப இயக்குங்கள். பிட்லாக்கர் சாவி இங்கே நிச்சயம் கையில் இருக்க வேண்டும்.

எல்லாம் சரியாகி இரண்டும் எழுந்தபின், ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும்போது கடிகாரம் சில மணி நேரம் முன்பின்னாகக் காட்டினால் பயப்பட வேண்டாம். மதர்போர்டு கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் படிக்கின்றன. லினக்ஸில் டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1 என்று ஒரு தடவை தட்டினால் இரண்டும் ஒத்துப்போகும்.

நல்ல நிலையில் இருக்கும் இந்த நேரத்தில் இன்னும் இரண்டு கட்டளைகளை ஓட்டிவிடுங்கள்: எல்எஸ்பிஎல்கே -எஃப், இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் -வி. இரண்டின் விடைகளையும் கைபேசியில் படம் எடுத்து, இஎஸ்பியில் இருக்கும் இஎஃப்ஐ ஃபோல்டரின் நகலோடு அந்த லைவ் பென்டிரைவை மேசை இழுப்பறையில் போட்டு வையுங்கள். அடுத்த முறை எந்த எண் யாருடையது என்று தேட வேண்டியிருக்காது.